நடுத்துண்டு

கல்லுவிளை பஸ்ஸில் மூட்டை வந்து இறங்கியதும் தாணுமாலயன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எப்போதும் போல அடுத்த பஸ்ஸில் ஏற்றி, பனையடிக்கோணத்தில் இருக்கும் தன் ஆசானின் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூட்டையில் இருப்பது மரவள்ளிக்கிழங்கு. அந்தப் பக்கத்தில் மரச்சீனி என்பார்கள். அனுப்புவது கல்லுவிளையில் இருக்கும் அவருடைய மைனி பூரணம். செத்துப்போன அண்ணனின் மனைவி. வருஷத்துக்கு மூன்று தடவை அனுப்புவாள். ஒன்பது வருஷமாக அனுப்புகிறாள். ஒரு தடவைகூட அவர் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததில்லை. முதலில் ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவந்தார். நாலு வருஷமாக ஆசானுக்கு.

ஆசான் என்றால் தாடி, காவி ஒன்றும் கிடையாது. மாசிலாமணி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். தாணுமாலயனைவிட ஆறு வயது இளையவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஏற்றத்தில் அவருடைய பஸ் நின்றுபோனது. பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். மாசிலாமணி இறங்கிப் போய் ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்து, "வண்டிக்கும் கொஞ்ச நேரம் நிக்கணும்னு இருக்கும் இல்லியா?" என்றார்.

தாசில்தாராக இருந்து, தூக்கம் கெட்டு, ஐம்பத்திரண்டு வயதில் ஊர் ஊராகச் சாமியார்களைத் தேடிக்கொண்டிருந்த தாணுமாலயன் அன்று சாயங்காலமே அவர் பின்னால் அவர் வீட்டுக்குப் போனார். பிறகு வாராவாரம் போனார். ஆசானே என்று கூப்பிடத் தொடங்கினார். "என்னை என்னத்துக்கு வே அப்படிக் கூப்பிடுதீர்?" என்று மாசிலாமணி கேட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

இன்றைக்கு தாணுமாலயனின் ஒரு கையில் மூட்டை, இன்னொரு கையில் ஒரு பெரிய துணிப்பை. மாசிலாமணி முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரெத்தினம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போயிருந்தாள்.

"ஆசானே, ஒரு கேள்வியோட வந்திருக்கேன்."

"என்னைக்கு கேள்வி இல்லாம வந்தீர்? இரியும்."

தாணுமாலயன் இருக்கவில்லை.

"மூட்டையைத் தரும்போது கண்டக்டர் ஒரு சேதி சொன்னான். இதுதான் கடைசி மூட்டையாம். மைனியோட தோட்டத்தை ரோடு போட கவர்மெண்டு எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில மக கூட ஓசூருக்குப் போறாங்களாம். இனி இங்க வரமாட்டாங்களாம்."

"சரி."

"என்னை வளர்த்தது அவங்கதான், ஆசானே. எனக்கு அம்மை சாகும்போது அஞ்சு வயசு. நன்றின்னு ஒரு வார்த்தை இன்னைக்கு வரைக்கும் நான் சொன்னதில்லை. இன்னைக்கு விட்டா இனி இல்லை. அதை எப்படிச் சொல்றது? நேத்து முழுக்க உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நீங்க வாசிச்சுப் பார்த்துச் சொல்லணும்."

"நேத்தே தெரியுமா?"

"சேதி இன்னைக்குத்தான் தெரியும். ரோட்டுக்கு எடுக்கிற விஷயம் முன்னாலயே தெரியும்."

"பையில என்ன?"

"பட்டுச்சேலை. சால்வை. ரெண்டு கிலோ ஆப்பிள்."

மாசிலாமணி கடிதத்தை வாங்கினார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தடவினார். ஜன்னல் படியில் தேடினார். கண்ணாடி அவர் நெற்றிக்கு மேலேதான் ஏறி உட்கார்ந்திருந்தது.

"கண்ணாடியைக் காணல, ஓய். பெறகு பாப்போம். ரெத்தினம் ரப்பர் வெட்டு முடிஞ்சு ஒரு மணிக்கு வருவா, பசியோட. நீர் மூட்டையை அவிழும்."

"நானா?"

"கல்லுவிளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு."

"நேரம் கெடக்கு."

கடிதம் திரும்பவும் தாணுமாலயனின் சட்டைப்பைக்குள் போயிற்று.

அடுக்களைக்குப் பின்னால், கல் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து அவர் மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்தார். கட்டு இறுக்கமாக இருந்தது. அவிழ்த்ததும் முகத்தில் ஈரமண் வாசனை அடித்தது. காலையில் தோண்டிய கிழங்கு.

முதல் கிழங்கை எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பக்கமும் வால்பக்கமும் வெட்டியிருந்தது. வெட்டிய இரண்டு முனையிலும் செம்மண்ணைக் குழைத்து அப்பியிருந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மூட்டையைக் கவிழ்த்தார். இருபது இருபத்தைந்து கிழங்கு. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் மண் மூடி.

"இது என்னது ஆசானே, மண்ணு?"

"மரச்சீனியை வெட்டி வச்சா வெட்டுவாயி மறுநாளே கறுத்துப்போவும். உள்ள நீலம் ஓடிரும். மண்ணை அப்பி வச்சா நாலஞ்சு நாளு நிக்கும்."

"இன்னைக்கே அவிச்சிடலாமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

"நீர் இன்னைக்கு அவிப்பீரா, நாலு நாளு கழிச்சு அவிப்பீரான்னு அந்த அம்மைக்கு எப்படித் தெரியும்?"

தாணுமாலயன் கிழங்கைக் கண்ணருகே கொண்டுபோனார். காய்ந்துகொண்டிருந்த மண்ணில் கட்டைவிரல் அழுத்திய குழி இருந்தது. குழிக்குள் ரேகைகூடத் தெரிந்தது. அவர் தன் கட்டைவிரலை அதற்குள் வைத்துப் பார்த்தார். குழி சின்னதாக இருந்தது.

"வருஷா வருஷம் இப்படித்தான் வருமா?"

"எல்லா மூட்டையும்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"உம்ம மூட்டை. உமக்குத் தெரியும்னு நினைச்சேன்."

தாணுமாலயன் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண் கலங்கியிருந்தது. இந்த மண்ணை எப்படிக் கழுவுவது என்று யோசிக்கிறவர் போல இருந்தார்.

"கழுவும், ஓய்" என்றார் மாசிலாமணி. "மண்ணையா திங்க முடியும்?"

கழுவினார். சிவப்புத் தண்ணீர் வாழைத்தூருக்கு ஓடிற்று.

தோலெடுக்கத் தெரியவில்லை அவருக்கு. கேரட்டைச் சுரண்டுவது போல மேலாகச் சுரண்டினார். மாசிலாமணி கத்தியை வாங்கி நீளவாக்கில் ஒரு கீறல் போட்டார். கீறலுக்குள் முனையை விட்டு நெம்பினார். மேல்தோலும் அதற்கு அடியில் இருந்த இளஞ்சிவப்புத் தோலும் சேர்ந்து, சட்டையைக் கழற்றியது போலச் சுழன்று வந்தது. உள்ளே கிழங்கு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதுவரைக்கும் உமக்கு ஆரு தோலெடுத்துத் தந்தா?"

"மைனிதான். சின்னப்பிள்ளையில."

"அதுக்குப் பெறகு?"

"அதுக்குப் பிறகு நான் கிழங்கு தின்னலை."

கீறல் போட்டு நெம்பிக்கொண்டே, ஒவ்வொரு கிழங்காக அவர் வால்பக்கத்தைப் பார்த்தார். மூட்டையில் வால் ஒன்றுகூட இல்லை. மெலிந்து, வேர் போல நாராகி முடியுமே, அந்தத் துண்டு. எல்லாம் நடுத்துண்டுதான். தடித்த, நாரில்லாத, வெந்தால் பூவாக மலர்கிற பாகம்.

"ஏழு வயசுல எனக்கு வால்நாரு தொண்டையில சிக்கிச்சு, ஆசானே" என்றார். "மூச்சு நின்னுபோச்சு. மைனி விரலை விட்டு எடுத்தாங்க. அன்னையில இருந்து என் தட்டுல நடுத்துண்டு மட்டும்தான் விழும். அவங்க அடுப்புப் பக்கத்துல இருந்து வாலைத் தின்பாங்க. நான் ஒருதடவை கேட்டேன். எனக்கு வால்தாம்லே இஷ்டம்னாங்க."

"நீர் என்ன நினைச்சீர்?"

"மைனிக்கு வால்தான் பிடிக்கும்னு நினைச்சேன்."

"எத்தனை வருஷமா?"

தாணுமாலயன் கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்போ வரைக்கும்."

"மரச்சீனி வாலு ஆருக்கு வே பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு மாசிலாமணி அடுப்பு மூட்டப் போனார்.

பானையில் தண்ணீர் கொதித்தது. துண்டுகளை உள்ளே போட்டதும் தாணுமாலயன் தட்டால் மூடப் போனார்.

"மூடாதீரும். மொதத் தண்ணி திறந்துதான் கொதிக்கணும். கசப்பு ஆவியா போவும். மிச்சத்தை வடிச்சுக் கொட்டணும். உப்பு ரெண்டாம் தண்ணியிலதான்."

இருவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஒன்பது வருஷமா வருதுன்னு ஒருநாள் சொன்னீரே. அதுக்கு முந்தி மூட்டை வராதா?"

"அதுக்கு முந்தி நாங்களே போவோம். அவங்களும் வீட்டுக்கு வருவாங்க."

"பெறகு?"

தாணுமாலயன் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் மக கல்யாணம். தாலி கட்டுற நேரம். மைனி முன்வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. என் பொண்டாட்டியோட அக்கா வந்து, 'மங்களகாரியம் நடக்கு, கொஞ்சம் உள்ள போய் இரிங்களேன்'னு சொன்னா. தாலி அறுத்தவங்கன்னு. நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். காதுல விழுந்தது. மைனி என்னைப் பாத்தாங்க. நான் மேளக்காரரைப் பாத்தேன்."

தண்ணீர் நுரைத்துப் பொங்கிற்று. மாசிலாமணி கரண்டியால் நுரையை ஒதுக்கினார்.

"சாமான் அறையில போய் இருந்தாங்க. வாழையிலையைத் துடைச்சு அடுக்கிக்கிட்டு. பந்தி நேரம் போய், சாப்பிட்டீங்களா மைனின்னு கேட்டேன். 'சாப்பிட்டாச்சு மக்கா, நீ போய் ஆளுகளைப் பாரு'ன்னாங்க. சாப்பிடலை. அப்படியே பஸ் ஏறிப் போயிட்டாங்க. சமையல்காரன்தான் பிறகு சொன்னான்."

"நீர் பெறகு போகவே இல்லியா?"

"ஒருதடவை போனேன். ஆறு வருஷம் இருக்கும். சேலை, பழம் எல்லாம் தட்டுல வச்சு. மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். வாயில வரலை. மைனி ஸ்டூலை இழுத்துப் போட்டு, 'கிழங்கு அடுப்புல கெடக்கு, தின்னுதியா?'ன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீர்?"

"சாப்பிட்டாச்சு மைனின்னேன்."

"சாப்பிட்டிருந்தீரா?"

"இல்லை."

மாசிலாமணி ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

"அதுக்குப் பெறகும் மூட்டை வந்துதா?"

"அடுத்த வாரமே வந்தது. ஒவ்வொரு மூட்டையையும் வாங்கும்போது எனக்கு என்ன தோணும் தெரியுமா? என்னைக் குத்திக் காட்டத்தான் அனுப்புறாங்க, உன்னை நான் வளர்த்தேன்லேன்னு சொல்லி அனுப்புறாங்க. அப்படித்தான் நினைச்சேன், ஆசானே. அதனாலதான் அவிழ்க்கலை."

"இன்னைக்கு அவிழ்த்தீர்."

"ஆமா."

"உள்ள என்ன எழுதியிருந்துது?"

தாணுமாலயன் தனக்குத்தானே சொல்வது போல, "எவ்வளவு கொடுத்துவச்சவன் நான்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த மூட்டையைத் தொடும்போதெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம், அது இல்லை இப்போது. கிழங்கு வேகிற வாசனைதான் இருந்தது. அடுப்பு மேடைக்கு எட்டாத வயதில், மைனியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று முகர்ந்த அதே வாசனை.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயிறு கூப்பிட்டது.

முதல் தண்ணீரை வடித்தார்கள். இரண்டாம் தண்ணீரில் உப்பு போட்டார்கள். தாணுமாலயன் அம்மியில் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் வைத்து, பக்கத்தில் இருந்த இஞ்சியையும் எடுத்தார்.

"இஞ்சியை அங்க வையும். மரச்சீனி அன்னைக்கு இந்த வீட்டுல இஞ்சி அம்மியில ஏறாது. ரெத்தினம் கண்டா, ரெண்டும் சேர்ந்தா விஷம்னு சொல்லி என்னைக் கொன்னு போடுவா."

சொல்லி வாய் மூடவில்லை, ரெத்தினம் வந்துவிட்டாள். ரப்பர் பால் திட்டுத்திட்டாகக் காய்ந்த சட்டையோடு, கத்தியைக் கூரை இறவாரத்தில் செருகிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அடடா, அண்ணாச்சி அம்மியில! எம் புருஷன் உபதேசம் பண்ணி முடிச்சு இப்போ வேலைக்கு ஆளும் பிடிச்சாச்சா?"

"உபதேசம் எங்க தங்கச்சி? நாலு பக்கம் எழுதிக் கொண்டாந்தேன். வாசிக்கக் கண்ணாடி இல்லையாம்."

"தலையில இருக்கது என்ன, கிரீடமா?"

மாசிலாமணி நெற்றியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். தாணுமாலயனும் சிரித்தார். ஆசான் கண்ணாடியைத் தேடியதே வாசிக்காமல் இருக்கத்தான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. ரெத்தினம் தொட்டியில் கைகழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்ன எழுத்து, அண்ணாச்சி?"

"எங்க மைனிக்குத் தங்கச்சி. இந்தக் கிழங்கு அனுப்புறவங்க. மனசுல உள்ளதெல்லாம் எழுதியிருக்கேன்."

"நல்லது. அவங்க நல்லா வாசிப்பாங்களா?"

தாணுமாலயன் குழவியை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்.

மைனி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அவருடைய சிலேட்டைத் துடைத்து வைப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரியாத விஷயமா? நேற்று முழுக்க எழுதி, அடித்து, திருத்தி எழுதினாரே, அப்போது ஒரு தடவைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லையே. அப்படியானால் யாருக்காக எழுதினார்?

"வாசிக்கத் தெரியாது" என்றார்.

ரெத்தினம் தட்டுகளை எடுத்து வைத்தாள். மூன்று தட்டு.

கிழங்கை வடித்துக் கொட்டியபோது ஆவி கூரை வரை எழும்பிற்று. ஒவ்வொரு துண்டும் வெடித்து, மாவு பூத்து நின்றது. மேலே தேங்காயெண்ணெய் விட்டு, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்மந்தி. தாணுமாலயன் வாயில் எச்சில் ஊறியது. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பசி வரும் என்று அவர் நினைக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாசிலாமணி ரெத்தினத்தின் தட்டில் வைத்தார். தன் தட்டில் வைத்தார். மூன்றாவது தட்டை எடுத்துக் கவிழ்த்தார்.

"ஆசானே?"

"மணி ரெண்டேகால் ஆச்சு. பஸ் வந்துரும். எழும்பும்."

"ரெண்டு துண்டு தின்னுட்டு ஓடிருதேன்."

"உமக்கு இங்க இல்லை, ஓய்."

தாணுமாலயன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை.

ரெத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நீரு மனுசன்தானா? காலையில இருந்து தோலெடுத்து, அவிச்சு, அரைச்சு, அந்த ஆளு விரலெல்லாம் எரிஞ்சுபோய் இருக்காரு. வந்தவங்களைப் பட்டினியா அனுப்புன வீடுன்னு பேரெடுக்கணுமா?"

"இன்னைக்கு ஒரு நாளு எடுப்போம்" என்றார் மாசிலாமணி.

தாணுமாலயன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. நாலு வருஷம் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து கொடுத்திருக்கிறார். அவருடைய மைனி தோண்டிய கிழங்கு, அவர் அவித்த கிழங்கு. அதில் இரண்டு துண்டு இல்லையாம். துணிப்பையை எடுத்து விறுவிறுவென்று முற்றத்தில் இறங்கினார்.

மாசிலாமணியும் தட்டை வைத்துவிட்டுக் சாலை வரை கூடவே வந்தார். ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு வருவது கேட்டது.

"பையை இங்கே தாரும்" என்றார் மாசிலாமணி.

"சேலையையா?"

"இங்க இருக்கட்டும். பெறகு வந்து எடுத்துக்கலாம்."

தாணுமாலயன் தயங்கினார். பிறகு கொடுத்தார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அதையும் எடுத்துப் பையில் போட்டார். கை இரண்டும் வெறுமையாகத் தொங்கின. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வெறுங்கையோட போய் அவங்க முன்னால நின்னு நான் என்ன சொல்றது, ஆசானே?"

"பசிக்குன்னு சொல்லும்."

பஸ் வளைவில் திரும்பிற்று. கண்டக்டர் விசிலடித்தார். தாணுமாலயன் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். கோபம் போயிருந்தது. குரல் சின்னப்பிள்ளையின் குரல் போல இருந்தது.

"நாளைக்கு ஊரை விட்டுப் போறவங்க. தோட்டத்துல இருந்ததைத் தோண்டி எல்லாத்தையும் எனக்கு அனுப்பிட்டாங்க. நான் போய்ப் பசிக்குன்னு நின்னா, திங்க அங்க என்ன இருக்கும்?"

"வாலு இருக்கும், ஓய்" என்றார் மாசிலாமணி.